கல்யாணப் பத்திரிகையில் ‘டாக்டர்’ வேண்டாம்

கந்தப்பளை,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி முத்துலிங்கம் அவர்களுக்கு,

அழகுமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், என் மனைவி மீனம்மா, மகள் பிரேமினி மூவரும் சுகம். அங்கு ஹட்டனில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை மதுரனும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை நிற்பாள். சுகத்தை எழுதியாயிற்று. இனி நடந்ததை எழுதுகிறேன், தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் தங்கள் குரலைக் கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தைமாதக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்குள், என் பெயருக்கு முன்னால் தாங்கள் ஆசையாகச் சேர்த்த ‘டாக்டர்’ என்பதை எடுத்துவிடச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிற அம்மாக்கண்ணு, அதே தோட்டத்துச் சின்னராசாவிடம் ஒரு மாடு வாங்கினாள். சினை மாடு என்றுதான் விற்றான். “மாட்டு டாக்டரே பாத்துச் சொல்லிட்டாரு” என்று சத்தியம் வேறு செய்தான். அந்த மாட்டு டாக்டர் நான்தான். பார்த்தது உண்மை. வயிற்றைத் தடவி, காதைத் தூக்கிப் பார்த்து, “ஐப்பசியில கன்னு போட்டுரும்” என்று சொன்னதும் உண்மை. ஐப்பசி போய்க் கார்த்திகையும் பாதி போய்விட்டது. மாடு புல்லைத் தின்கிறது, என்னைப் பார்க்கிறது, வேறொன்றும் செய்கிற மாதிரி தெரியவில்லை. அம்மாக்கண்ணு மத்தியஸ்த சபையில் முறைப்பாடு கொடுத்துவிட்டாள். சின்னராசா என்னை நிபுணர் சாட்சி என்று நேற்று கூட்டிக்கொண்டு போனான். நானும் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சபை கூடுவது பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்புப் பெஞ்சுகளில். உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கிறது. சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளர் சிறில் ஐயா, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். போன மாதம் ஒரு காணிச் சண்டைக்குச் சோதிடர் ஒருவர் வந்து, எல்லைக் கல் சனி பார்வையால் நகர்ந்துவிட்டது என்று நிபுணர் சாட்சி சொன்னாராம். அன்றிலிருந்து ஐயா ஒரு சட்டம் வைத்திருக்கிறார். நிபுணர் என்று வருகிறவர் என்ன படித்தார், யாரிடம் பழகினார், எது தெரியும், எது தெரியாது என்று எல்லாவற்றையும் முதலில் சொல்லிவிட வேண்டும். நல்ல சட்டம்தான் சம்பந்தி, என் மேல் பாயாத வரைக்கும்.

“தகுதிச் சான்றிதழ் இருக்குங்களா?” என்றார்.

“அனுபவம்ங்க. முப்பது வருசம் மிருக வைத்தியரோடவே இருந்தேங்க.”

“இருந்து என்ன செஞ்சீங்க?”

கோட்டுப் பையில் இருந்த ஒரே சான்றிதழை எடுத்து நீட்டினேன். சாரதி அனுமதிப்பத்திரம்.

“ஜீப்பு ஓட்டுனேங்க.”

“அவரு மாட்டைப் பாக்குறப்ப நீங்க எங்க இருப்பீங்க?”

“வாலைப் புடிச்சுக்கிட்டு நிப்பேங்க.”

“அப்ப உங்க நிபுணத்துவம் எதுவரைக்கும்?”

“வால் வரைக்கும்ங்க.”

பெஞ்சுகள் ஆடின, சம்பந்தி. நான் தன் பக்கத்துச் சாட்சி என்பதையும் மறந்து சின்னராசாவே சிரித்தான். ஜன்னலுக்கு வெளியே நின்று யாரோ போனில் படம் பிடித்துவிட்டான். இந்தக் கடிதம் நானுஓயாவைத் தாண்டுவதற்குள் அது ஹட்டன் முழுக்கச் சுற்றி முடித்திருக்கும்.

நானாக என்னை டாக்டர் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எங்கள் தோட்டத்தில் மருந்து கலக்குகிறவர் டாக்டரய்யா, ஊசியைக் கழுவுகிறவர் சின்ன டாக்டர், வைத்தியரின் ஜீப்பை ஓட்டியவன் மாட்டு டாக்டர். வைத்தியர் மாற்றலாகிப் போனபிறகும் சனங்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு என்னிடமே வந்தார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தியம்மாவின் முழங்காலுக்கு நான் ஓர் எண்ணெய் சொன்னேனே, அதுகூட ஜெர்சி மாட்டுக்குத் தடவுவதுதான். வலி குறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம்.

நேற்று இரவு முழுக்கப் பிரேமினி அழுதாள். “மாப்ள வீட்டுக்கு நீங்களே எழுதிருங்கப்பா. வீடியோ பாத்துத் தெரிஞ்சா எனக்குத்தான் அசிங்கம்” என்றாள். ஒரே மகள். என்னால் அவள் கல்யாணம் நின்றுபோனால் நான் எப்படித் தாங்குவேன்? தாங்கள் டாக்டர் வீட்டுச் சம்பந்தம் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பீர்கள். இது டிரைவர் வீட்டுச் சம்பந்தம்தான். ஆனால் பெண்ணின் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் அசல். வேண்டுமானால் போட்டோக் கொப்பி அனுப்புகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளை தீர்க்காயுசாக இருக்கட்டும். என்னை மன்னித்துவிட்டீர்கள் என்று ஒரு வார்த்தை போன் பண்ணுங்கள்.

இப்படிக்கு,
டாக்டர் அல்லாத,
அழகுமுத்து.

பி.கு.: உறையில் முத்திரை ஒட்டி முடித்த நேரம் அம்மாக்கண்ணு ஓடி வந்து, “டாக்டரய்யா, கன்னு போட்டுருச்சு! கெடேரிக் கன்னு!” என்று கத்திவிட்டுப் போனாள். அரை மணி நேரத்தில் செய்தி பரவி, இப்போது வாசலில் இரண்டு ஆடும் ஒரு நாயும் காத்திருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் சிறில் ஐயா தம்முடைய பசுவைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார். சான்றிதழைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆகவே பத்திரிகையில் ‘டாக்டர்’ அப்படியே இருக்கட்டும், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போடச் சொல்லுங்கள். ஒட்டிய முத்திரையை வீணாக்க மனமில்லாததால்தான் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறேன். தயவுசெய்து படிக்க வேண்டாம்.