வெந்நீருக்கு ஆசைப்பட்ட கரடியும் ஜன்னலில் கட்டிய சாக்கும்

சித்திரை மாதத்திலும் கம்பளி கேட்கும் ஒரு காட்டில், வெள்ளிங்கிரி என்றொரு கரடி குடும்பத்தோடு வாழ்ந்து வந்தது. நல்ல கரடி. காரணமில்லாமல் யாரையும் கடித்ததில்லை. ஆனால் குளிக்காது. மலைத் தண்ணீர் எலும்பைத் துளைக்கிறது என்று சொல்லும். கரையான் புற்று மண்ணையும் புளித்த இலுப்பைப் பூவையும் பிசைந்து வெயிலில் வைத்தால் என்ன வாடை வருமோ, அந்த வாடை முதலில் வரும். பின்னால் கரடி வரும்.

அதன் மகள் பாவாயியைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசல்படி ஏறாமலே மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னொரு நாளைக்கு வர்றமுங்க" என்று திரும்பிப் போனார்கள். கரடியின் மனைவி பூவாத்தா அன்று அடுப்பு மூட்டவில்லை.

"ஏனுங்க மாமா, உங்களுக்குப் பொண்ணு கல்யாணம் வேணுமா, இந்த வாடை வேணுமா?"

"சுடுதண்ணி இருந்தா நான் குளிக்க மாட்டேன்னா சொல்றேன்?" என்றது கரடி.

அப்படிச் சொன்னால் தப்பிக்கலாம் என்று அது நினைத்தது. மறுநாளே பூவாத்தா ஒரு கேஸ் கீசரையும் சிலிண்டரையும் கொண்டுவந்து இறக்கிவிட்டது. கூடவே கீசர் மாட்டத் தெரிந்த கீரி ஒன்றும் வந்தது. அதன் பெயர் தங்கமுத்து. வாயில் எப்போதும் ஒரு ஸ்குரூ வைத்திருக்கும்.

"இதைக் குளியலறைக்கு வெளியில மாட்டிக்கலாமுங்கண்ணா. அதுதான் நல்லது" என்றது கீரி.

"வெளியில மாட்டுனா பக்கத்து மரத்து நாச்சக்கா கழட்டிட்டுப் போயிரும்."

நாச்சக்கா ஒரு மந்தி. கரடி வீட்டை ஒட்டிய பலாமரத்தில் குடியிருந்தது. திருடுகிற பழக்கம் அதற்கு இல்லை. ஆனால் எதையும் எட்டிப் பார்க்காமல் அதற்குச் சோறு இறங்காது. யார் வீட்டில் என்ன குழம்பு, யார் யாரோடு பேசவில்லை என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி.

கீரி வேறு வழியில்லாமல் கீசரை உள்ளேயே மாட்டியது. குழாயைத் திறந்ததும் 'டப்' என்று தீ பற்றியது. நீலத் தீ.

"நீலமா எரிஞ்சா நல்லாருக்குதுன்னு அர்த்தம். மஞ்சளா எரிஞ்சா உடனே நிறுத்திப்போட்டு எனக்குச் சொல்லி அனுப்புங்க. பேட்டரி தீர்ந்தா மாத்துங்க. தண்ணி வர்ற பக்கம் சல்லடையில மண்ணு அடைச்சா கழுவுங்க. எல்லாத்தையும் மறந்தாலும் சரி, இந்த ஜன்னலை மட்டும் மூடிராதீங்க. தீயும் மூச்சு விடணும், நீங்களும் மூச்சு விடணும். காத்து இல்லாம எரிஞ்சா விஷக்காத்து வரும். அது நாறாது. ஆளைச் சாய்ச்சுப்போடும்."

வெள்ளிங்கிரி சிரித்தது. "தம்பி, மூணு மலைக்கு அப்பால தேனடை இருந்தா இந்த மூக்குக்குத் தெரியும். இதுக்குத் தெரியாம ஒரு காத்து வந்துருமா?"

கீரி வாயிலிருந்த ஸ்குரூவை எடுத்து எதையோ சொல்லப் போனது. பிறகு அதைத் திரும்பவும் வாயிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டது.

முதல் நாள் கரடி வெந்நீரை ஊற்றிக்கொண்டபோது அதன் கண்ணில் நீர் வந்தது. இத்தனை வயது வரை இந்தச் சுகம் தெரியாமல் போயிற்றே என்று வருந்தியது. சோப்பு நுரை மூக்கு வரை ஏறியிருந்த நேரத்தில் ஜன்னலில் ஒரு கறுத்த முகம் தெரிந்தது.

"முதுகுல தேய்க்கவே இல்லையேண்ணா" என்றது நாச்சக்கா.

கரடி அலறிக்கொண்டு வாளியை எடுத்து மறைத்துக்கொண்டது. அந்த வாளி எதையும் மறைக்கிற அளவில் இல்லை. சாயங்காலத்துக்குள் காடு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நரி வந்து, "குளிச்சீங்களாமே?" என்று துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்தது. மறுநாள் காலையிலேயே வெள்ளிங்கிரி ஒரு கோணிச் சாக்கை எடுத்து ஜன்னலை இறுக்கிக் கட்டியது.

"அந்தக் கீரித் தம்பி என்ன சொல்லிட்டுப் போச்சு?" என்று கேட்டது பூவாத்தா.

"மானத்தைவிட காத்தா பெருசு?"

தீ மஞ்சளாயிற்று. கரடிக்கு அது தேன் நிறமாகத் தெரிந்ததால் மகிழ்ந்தது. சுவரில் கரி படிந்தது. அதுவும் கரடியின் நிறம்தான் என்பதால் உறுத்தவில்லை. குளித்துவிட்டு வந்தால் தலை வலித்தது, கால் துவண்டது. "வெந்நீர்ல அலுப்பெல்லாம் எறங்குது" என்று மத்தியானம் வரை படுத்துக் கிடந்தது. பூவாத்தா பயந்துபோய்க் கீரியைக் கூட்டி வந்தது. கீரி சாக்கைப் பார்த்தது, கரியைப் பார்த்தது.

"பர்னர் முழுக்க அடைச்சுக் கிடக்குது. கழட்டித்தான் துலக்கணும். நாளைக்குச் சாமானோட வர்றேன். அதுவரைக்கும் இதுல குளிக்காதீங்கண்ணா, உங்க கால்ல விழறேன்."

"நாளைக்கா? நாளைக்குத்தான் மாப்பிள்ளை வீடு வருது!"

வேறொரு மலையிலிருந்து நல்ல இடம் ஒன்று கூடி வந்திருந்தது. மறுநாள் கீரி சாமானோடு வந்து சேருவதற்குள், வாசலில் சம்பந்தி வீட்டுக் கரடிகள் வந்து உட்கார்ந்தன. பூவாத்தா தேன்பானம் கொடுத்து, "இப்பத்தான் குளிக்கப் போனாருங்க" என்று பெருமையாகச் சொன்னது. உள்ளே வெள்ளிங்கிரி இரண்டாவது தடவையாகச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று சுவர் தள்ளிப்போனது. தரை மேலே வந்தது. நல்ல மாப்பிள்ளை வரப்போகிற சந்தோஷம்தான் இப்படிச் செய்கிறது என்று நினைத்தபடியே அது சரிந்தது.

வெளியே பலாமரத்தில் நாச்சக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாக்குக் கட்டிய நாளிலிருந்து அது சரியாகச் சாப்பிடவில்லை. பெண் பார்க்க வருகிற நாளில் கரடி எப்படித் தேய்த்துக் குளிக்கிறது என்று தெரியாமல் உயிர் வாழ்ந்து என்ன பயன் என்று அதற்குத் தோன்றியது. ஒரே தாவாகத் தாவிச் சாக்கைப் பற்களால் கிழித்துத் தலையை உள்ளே விட்டது.

"ஐயோ, ஓடியாங்க! வெள்ளிங்கிரியண்ணன் விழுந்து கிடக்குது! ஒட்டுத்துணி இல்லீங்க!"

சம்பந்திதான் முதலில் ஓடிப்போய்க் கதவை உடைத்தது. காலைப் பிடித்து இழுத்து வாசலில் போட்டார்கள். பூவாத்தா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதது. காற்றுப் பட்டதும் கரடி இருமியது, கண் விழித்தது. சுற்றிலும் மாப்பிள்ளை வீட்டார் நிற்பதைப் பார்த்ததும் மறுபடியும் மயங்கியது.

சம்பந்தி குனிந்து மோந்து பார்த்தது. "மயங்கிக் கிடக்கையிலயும் இத்தனை மணமா இருக்கிற சம்பந்தியை நாங்க எங்கயும் பார்க்கலீங்க" என்று சொல்லித் தட்டை மாற்றிக்கொண்டது.

எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் வெள்ளிங்கிரி நேராகப் பஞ்சாயத்துக்குப் போனது, நாச்சக்கா தன்னை எட்டிப் பார்த்ததென்று பிராது கொடுப்பதற்காக.

பஞ்சாயத்துத் தலைவரான யானை நீண்ட நேரம் காதை ஆட்டியது.

"எட்டிப் பார்த்தது குத்தம். உசுரைக் காப்பாத்துனது புண்ணியம். ரெண்டையும் ஒரே சமயத்துல செஞ்சிருக்குது. அதனால பாதி தண்டனை, பாதி சம்மானம். இனிமே நாச்சக்கா தினமும் எட்டிப் பார்க்கணும். ஆனா ஒத்தக் கண்ணால மட்டும் பார்க்கணும்."

கூட்டம் கைதட்டியது. பின்வரிசையிலிருந்து கீரி எழுந்தது. "தலைவரே, ஜன்னலை மூடாதீங்கன்னு நான் அன்னைக்கே..."

"நீ முன்னாலயே சொல்லிட்டே தம்பி," என்றது யானை அன்போடு. "முன்னாலயே சொன்னவனுக்கு யாரு மாலை போட்டிருக்கறாங்க? விழுந்த பிறகு சொல்லியிருந்தா யோசிக்கலாம்."

கீரி கீசரைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, தீயை மறுபடி நீலமாக்கிக் கொடுத்தது. ஜன்னலைத் திறந்தும் வைத்தது. அது படி இறங்குவதற்குள் வெள்ளிங்கிரி புதுச் சாக்கைக் கட்டிவிட்டது. மானம் அதனுடையது. நாச்சக்கா தாவி வந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, சாக்கைக் கிழித்தது. உத்தியோகம் அதனுடையது. இப்படியே தினமும் நடந்தது. விரைவில் கீசர் வாங்கிய வீடுகளெல்லாம் தாம்பூலத் தட்டோடு வந்து, ஆளுக்கொரு மந்தியை ஜன்னலுக்கு அமர்த்திக்கொண்டன. காட்டில் தினமும் கட்டவும் கிழிக்கவும் சாக்கு போதவில்லை.

தங்கமுத்து சில நாள் யோசித்துப் பார்த்தது. பிறகு வாயிலிருந்த ஸ்குரூவைத் துப்பிவிட்டு, ஊசியை வைத்துக்கொண்டது. பஞ்சாயத்து மரத்தடியில் அது தொடங்கிய சாக்குக் கடையில் இப்போது காலை முதலே வரிசை நிற்கிறது.

நீதி: ஜன்னலைத் திறக்கச் சொல்பவன் பட்டினி கிடப்பான், எல்லாவற்றுக்கும் ஒரு சாக்கு வைத்திருப்பவன் பிழைத்துக்கொள்வான்.