பெயர்: மதுமதி, பாலினம்: ஆண்

வண்ணார்பேட்டையில் இயங்கிவரும் எங்கள் ஆற்று நீர்மட்டப் பதிவு அலுவலகத்தின் இளநிலை உதவியாளர் நடராஜுக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள் நிறைவடைந்தும் குழந்தை பிறக்கவில்லை என்ற விவரம் அலுவலகத்தின் கவனத்துக்கு வந்தது. தாமிரபரணியில் தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் ஒரு வாரம் கழித்தே கவனிக்கும் அலுவலகம் இது. இந்த விஷயத்தில் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதம் செய்யவில்லை.

தட்டச்சர் மஹாலக்ஷ்மி, "உம்ம வீட்டம்மா ஸ்கூட்டர் ஓட்டுதால்ல, அதான்" என்று காரணத்தைக் கண்டுபிடித்தார். கண்காணிப்பாளர் அசன் முகம்மது, "மனச லேசா வச்சா தன்னால நடக்கும்வே" என்று தினமும் மூன்று வேளை சொல்லி நடராஜின் மனதைக் கனமாக்கினார். இன்னொருவர் பப்பாளியைத் தடை செய்தார். எல்லா ஆலோசனைகளும் நடராஜ் வழியாக அவன் மனைவி மதுமதிக்கு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டன.

மதுமதி பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இதெல்லாம் பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வீட்டில் சண்டை வேண்டாமென்று ஸ்கூட்டரை விட்டாள், பப்பாளியை விட்டாள், ராத்திரி அரைமணி நேரம் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தாள். ஸ்கேன், ரத்தம், குழாய் என்று டாக்டர் சொன்ன சோதனை அத்தனையும் செய்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"இனி உங்க வீட்டுக்காரரத்தான் பாக்கணும்" என்றார் டாக்டர்.

நடராஜின் அம்மா பிரம்மநாயகிக்கு இது புரியவே இல்லை. "ஆம்பளையில என்னத்தப் பாக்க? எங்க வம்சத்துல எட்டுக்குக் கொறஞ்சு யாரு பெத்தா?" என்றார். அவருக்கு நடராஜ் ஒரே பிள்ளை.

மதுமதியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதிலேயே நடராஜின் தற்செயல் விடுப்பு தீர்ந்திருந்தது. மருத்துவ விடுப்புக்கு எழுதினான். காரணம்: குழந்தையின்மை தொடர்பான பரிசோதனை. எங்கள் அதிகாரி ஞானசம்பந்தன் அவனைக் கூப்பிட்டார்.

"யாருக்குவே பரிசோதனை?"

"எனக்குத்தான் சார்."

"உமக்கு எதுக்கு? புள்ள பெறப்போறது நீரா?"

"ரெண்டு பேரையும் பாக்கணும்னு டாக்டர் சொல்லுதாங்க சார்."

"டாக்டர் சொல்லலாம். விடுப்புப் பட்டியல்ல குழந்தையின்மை, பெண்கள் தலைப்புக்குக் கீழல்லா இருக்கு. ஆண்களுக்குக் கீழ குடலிறக்கம் இருக்கு. வேணும்னா அதுல போடுதேன்."

"எனக்குக் குடல் எறங்கலியே சார்."

"அப்ப மனைவிக்குப் பரிசோதனைன்னு எழுதும். அறிக்கையும் மனைவி பேருல வரணும். அதுதான் முறை."

உள்ளூரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நடராஜ் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினான். அங்கிருந்த பரிசோதனைக் கூடத்தில் பெயர் பதியும் பெண் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"ஒங்க பேருலயா, வீட்டம்மா பேருலயா?"

"வீட்டம்மா பேருல போட முடியுமா?"

"இங்க பாதிப் பேரு அப்படித்தான்."

முகக்கவசம் போட்ட பதினான்கு ஆண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "பிரேமலதா!" என்று கூப்பிட்டார்கள். கவசத்தின் இரண்டு பக்கமும் மீசை நீட்டிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து போனார். "கற்பகவல்லி!" என்றதும் ஒரு போலீஸ் பூட்ஸ் நடந்தது. "மதுமதி!" என்றபோது நடராஜ் எழுந்தான்.

அறிக்கை வந்தது. பெயர்: மதுமதி. பாலினம்: ஆண். விந்தணு எண்ணிக்கை: மிகக் குறைவு. அலுவலகத்தில் அதைச் சரிபார்த்த அசன் முகம்மது, "எழுத்துப்பிழை" என்று 'ஆண்' என்பதைச் சிவப்பு மையில் அடித்து, 'பெண்' என்று எழுதி முத்திரை வைத்தார். விடுப்பு அனுமதிக்கப்பட்டது.

வீட்டில் பிரம்மநாயகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியை மட்டும் வாசித்தார். "பாத்தியாலே! பேரு போட்டே குடுத்திருக்கான். கொற யாருக்குன்னு இப்பத் தெரிஞ்சுட்டுல்ல?"

நடராஜ் ஏதாவது சொல்வான் என்று மதுமதி காத்திருந்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலத்துக்குள் தெருவில் நாலு பேர் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மதுமதி நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்து, அந்தக் காகிதத்தை ஞானசம்பந்தன் மேசையில் வைத்தாள்.

"சார், எனக்கு விந்தணு கம்மின்னு உங்க ஆபீஸ்ல முத்திரை வச்சிருக்காங்க."

அவர் பரிவோடு வாசித்தார். "கவலப்படாதம்மா. இப்பச் சாப்பாடு ஒண்ணும் சரியில்ல. பொம்பளைகளுக்கு இதெல்லாம் சகஜம்."

"பொம்பளைக்கு விந்தணு ஏது சார்?"

ஞானசம்பந்தன் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். "பத்தாம் வகுப்புல அந்தப் பாடத்த எங்க சார் வீட்டுல படிச்சுக்கிடச் சொல்லிட்டாரு."

"படிச்சீங்களா?"

"வீட்டுல எங்கப்பா அந்தப் பக்கத்தப் பசை போட்டு ஒட்டிட்டாரு."

எங்களில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் புத்தகங்களிலும் அந்தப் பக்கம் ஒட்டித்தான் இருந்தது.

வெளியே வந்ததும் மதுமதி நடராஜிடம் சொன்னாள்: "நாலு வருஷமா என் உடம்ப ஊரே பரிசோதிச்சாச்சு. உங்க பேர ஒரே ஒரு காயிதத்துல எழுத முடியலியா உங்களால?" அவள் குரல் உயரவே இல்லை. அதற்குத்தான் நடராஜ் பயந்துபோனான். அன்றைக்கே டாக்டரிடம் போய், நாலு பேர் காதில் விழ, "நடராஜ்" என்று பெயர் கொடுத்தான்.

விதைப்பையில் உள்ள ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, சின்ன அறுவை சிகிச்சை செய்து பார்க்கலாம், பலன் உறுதி இல்லை என்றார் டாக்டர். அறுவை நடந்தது. அதற்கான விடுப்பை அலுவலகம் குடலிறக்கத்தில் வழங்கியது. எட்டு மாதம் கழித்து மதுமதி கருவுற்றாள். எல்லோருக்கும் நடராஜ் அல்வா கொடுத்தான்.

அல்வா தீர்ந்ததும் அவனுக்கு ஒரு குறிப்பாணை வந்தது.

"தங்கள் மனைவிக்கு விந்தணுக் குறைபாடு உள்ளதாக இவ்வலுவலகக் கோப்பில் பதிவாகியுள்ள நிலையில், அன்னார் சிகிச்சை பெற்றதற்கான ஆவணம் ஏதும் இல்லாதிருக்க, கருவுற்றது எங்ஙனம் என்பதற்கு ஏழு தினங்களுக்குள் விளக்கம் அளிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது."

நடராஜ் உண்மையை எழுதினான். குறை எனக்குத்தான், சிகிச்சையும் எனக்குத்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மதுமதி அதை இரண்டு தடவை வாசித்தாள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. "அரசு ஊழியரின் குடலிறக்க அறுவைக்கும் அவரது மனைவி கருவுற்றதற்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. ஏற்கத்தக்க வேறு விளக்கம் தருக. தவறினால் ஊதிய உயர்வு நிறுத்தப்படும்."

நடராஜ் இந்தத் தடவை மதுமதியிடம் காட்டாமல் ஒரே வரி எழுதினான்: "கட்டிலைக் கிழக்கு மேற்காகத் திருப்பிப் போட்டோம்."

அன்று மாலையே விளக்கம் ஏற்கப்பட்டது. அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை உள்ள கிளை அலுவலகங்களுக்கு அதன் நகல், தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும் அனுப்பப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை நடராஜ் வீட்டு வாசலில் கூட்டம். அப்போதுதான் கட்டில் விஷயம் தெரிந்த மதுமதி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, வந்தவர்களுக்கெல்லாம் டாக்டரின் முகவரியை எழுதிக் கொடுத்தாள். "ரெண்டு பேருமாப் போங்க" என்றாள். வாங்கியவர்கள் சீட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்கள்.

"தலைமாடு எந்தப் பக்கம்னு இதுல போடலியேம்மா?"

நானும் ஒரு சீட்டு வாங்கினேன். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. சீட்டு சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது. கட்டிலை மட்டும் இப்போதைக்குத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.