கோட்டுக்கு ஒரு காயமும் இல்லை

தீயணைப்பு வீரர் நெருப்புக்குள் போகும்போது, நெருப்பைத் தாங்கும் உடை உடுத்தியிருக்க வேண்டும் என்று அரசாங்கம் தீர ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. ஆலோசனைக்குப் பதினோரு வருஷம் பிடித்தது. இதில் நெருப்பை மட்டும் யாரும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு அங்கங்கே பற்றிக்கொண்டுதான் இருந்தது.

அந்தப் பதினோரு வருஷமும் நம்முடைய நிலைய அதிகாரி மனுமேல் மனுவாக எழுதிக்கொண்டிருந்தார். அவர் நிலையத்தில் ஆட்கள் ஆறு பேர், அவரோடு சேர்த்தால் ஏழு. ஏழு பேருக்கும் கான்வாஸ் கோட்டுதான். அதில் கோட்டு எது, ஒட்டு எது என்று தைத்தவர்களுக்கே மறந்துவிட்டது. ஆறு பேரில் ஒருவர் அதிகாரியின் தங்கை புருஷன். தண்ணீர்க் குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போகிறவர் அவர்தான். அவருடைய கோட்டில் இடது முழங்கை போய்விட்டது. தங்கை, பழைய சோபா உறையில் நல்ல பூவாகப் பார்த்து வெட்டி, அங்கே வைத்துத் தைத்திருந்தாள். பூ என்னவோ அழகுதான். ஆனால் ஒவ்வொரு தீக்கும் அந்தப் பூவுக்கு அடியில் ஒரு கொப்புளம் பூத்தது.

"அண்ணே, நீ ஆபீசரா இருக்கிறது எனக்குப் பெருமைதான். ஆனா உனக்குக் கீழே வேலை செய்யற மனுஷன் எனக்குப் புருஷன். அவரு முழங்கைல இனிமே ஊசி குத்தக்கூட இடம் இல்ல. மருந்து போட்டுப் போட்டு என் கையே வழுக்குது."

"கோட்டு வருது, தாயி. கோப்பு நகர்ந்துடுச்சாம்."

"கோப்பு நகருது, கோட்டு நகர மாட்டேங்குதே."

ஒருநாள் காலை பத்து மணிக்குக் கோட்டு நகர்ந்தது. ஏழு கோட்டுகளும், கூடவே ஒன்பது அதிகாரிகளும் வந்து இறங்கினார்கள். கோட்டுகள் என்றால் சும்மா கோட்டுகளா! கருநீலத்தில், மார்பிலும் கையிலும் வெள்ளிப் பட்டை மின்ன, பித்தளைப் பொத்தான் வைத்து, கழுத்துப் பட்டை நிமிர்ந்து நின்றது. போட்டுப் பார்த்தால், கூனல் முதுகுக்காரன்கூட ஜில்லாவை ஆள்கிறவன் மாதிரி தெரிவான்.

ஒன்பது பேரில் தலைவர், பாதுகாப்பு உடைத் தர உறுதி ஆய்வாளர். தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி மெல்லப் பேசுவார். கோட்டு ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, சான்றிதழ் எழுதி, கண்ணாடி அலமாரியில் மாட்டிப் பூட்டினார். சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நிலைய அதிகாரி தொண்டையைச் செருமினார். "ஐயா, நெருப்புன்னு மணி அடிச்சா, இதைப் போட்டுக்கிட்டுப் போகலாம்தானே?"

"தாராளமா. அதுக்குத்தானே செஞ்சிருக்கு."

"போயிட்டு வந்த பிறகு?"

"சான்று ரத்தாயிடும்."

"ஏங்க?"

"நெருப்பு பட்டுடுச்சே."

"நெருப்பு படறதுக்குத்தானேங்க கோட்டு?"

"சரிதான். நெருப்பைத் தாங்கும்னு சான்று கொடுத்திருக்கோம். தாங்கின கோட்டு இன்னொரு தடவை தாங்கும்னு யாரு சான்று கொடுத்தா? சான்று இல்லாத கோட்டை உங்க ஆளுங்க போட்டா, அவங்க உயிருக்கு யாரு பொறுப்பு? எங்களுக்கு உயிருதான் முக்கியம்."

"மறுபடியும் சான்று வாங்கலாம்ல?"

"பேஷா வாங்கலாம். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பணும். ஆறு மாசம் ஆகும்."

"அங்கே என்னங்க பண்ணுவாங்க?"

"எரிச்சுப் பார்ப்பாங்க."

"தாங்கிச்சுன்னா?"

"சான்று அனுப்புவாங்க."

"கோட்டு?"

ஆய்வாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதான் எரிச்சுட்டாங்களே."

குழாய்முனைக்காரர் தன் பூப்போட்ட முழங்கையைச் சொறிந்தபடி முன்னால் வந்தார். "அதுவரைக்கும் இந்தப் பழைய கோட்டையே போட்டுக்கலாங்களா?"

"எந்தப் பழைய கோட்டு? பழசையெல்லாம் கழிச்சாச்சுன்னு பதிவேட்டுல எழுதியாச்சு. அப்படி ஒண்ணு இப்போ கிடையாது."

"இதோ போட்டுருக்கேனே!"

"இல்லாத ஒண்ணை நீங்க போட்டுக்கிட்டா, அதைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்ல." ஆய்வாளர் பெருந்தன்மையோடு எழுந்துகொண்டார்.

இப்படியாக, விதிமுறைக்கு ஒரு பங்கமும் வராமல் காரியம் நடந்தது. மணி அடித்தால் ஏழு பேரும் இல்லாத கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். நெருப்பை அணைத்துவிட்டு வந்து, குளித்து, தலைவாரி, கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று, இருக்கிற கோட்டைப் பார்ப்பார்கள்.

நிலைய அதிகாரி சும்மா இருக்கவில்லை. விதிமுறைப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்ததில், ஓரத்தில் ஒரு வழி தென்பட்டது. தீவிபத்தின்போது கோட்டை அணிந்தாலும் சான்று ரத்தாகாமல் இருக்க விலக்கு கோரும் படிவம் ஒன்று இருந்தது. விபத்துக்கு மூன்று நாள் முன்பு கொடுத்துவிட வேண்டும். எதிர்பார்க்கப்படும் தீவிபத்தின் நாள், நேரம், இடம், சுவாலையின் உத்தேச உயரம் எல்லாம் குறிப்பிட வேண்டும்.

நாணயமான மனிதர். ஊரைச் சுற்றி வந்து, யோசித்து, மின்கம்பிகள் தாறுமாறாகத் தொங்கும் ஒரு மெத்தைக் கடையின் முகவரியைப் போட்டு, 'வரும் செவ்வாய், பகல் மூன்று மணி, உயரம் பன்னிரண்டு அடி' என்று எழுதி அனுப்பினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. பதிலைக் கையில் கொண்டுவந்தவர்கள் இரண்டு போலீஸ்காரர்கள்.

"செவ்வாய்க்கிழமை நெருப்பு பிடிக்கும்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"படிவத்துல கேட்டிருந்தாங்க."

"கேட்டா உடனே சொல்லிடுவீங்களா? பன்னிரண்டு அடின்னு அளந்து வேற வச்சிருக்கீங்க! யார் யாரு கூட்டு?"

செவ்வாய்க்கிழமை முழுக்க இரண்டு போலீஸ்காரர்களும் மெத்தைக் கடையில் மெத்தைமேல் உட்கார்ந்து காவல் காத்தார்கள். நெருப்பு வரவில்லை. பொய்த் தகவல் கொடுத்ததற்காக நிலைய அதிகாரிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

இந்த நேரத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். ஆய்வாளரிடம் சாவி வாங்கி, ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, அலமாரிக் கண்ணாடியில் தம்மை இடப்பக்கமாகவும் வலப்பக்கமாகவும் பார்த்தார். போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் தலைமை அலுவலகத்தில் எல்லோருக்கும் 'பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக' ஆளுக்கொரு கோட்டு. கோப்பில் கையெழுத்துப் போடுகிற அறைகளில் இதுவரை நெருப்பு வந்ததில்லை. ஆகவே சான்று ரத்தாகும் அபாயம் இல்லை.

பெரியவர்கள் போட்டால் ஊர் சும்மா இருக்குமா? துணிக்கடைகளில் அதே மாதிரி கோட்டு தொங்கியது. வங்கிக் குமாஸ்தா போட்டார். பல் டாக்டர் போட்டார். மாப்பிள்ளைகள் வெள்ளிப் பட்டை மின்ன மணமேடை ஏறினார்கள். காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்து, வியர்வையை ஒரு கையால் வழித்துக்கொண்டு, 'கொஞ்சம்கூட உறுத்தலே இல்லீங்க' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஊரில் தீயணைப்புக் கோட்டு போடாதவர்கள் என்று கணக்கெடுத்தால், தீயணைப்பு நிலையத்து ஏழு பேர்தான் தேறுவார்கள்.

அந்தக் குறையும் தீர்ந்தது. அலமாரிக்குள்ளேயே இருந்தால் கோட்டில் பூஞ்சை பிடிக்கும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. 'உரியவர் தத்தம் இல்லத்தில் வைத்துக் காற்றாட விடவும்.' ஏழு பேரும் கோட்டை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். நிலைய அதிகாரி விதிமுறைப்படி மாதம் ஒருமுறை கோட்டைக் காற்றாட விட்டார். கொடியில் போட்டால் சுருக்கம் விழும் என்பதால், தாமே அதற்குள் புகுந்து கடைத்தெரு வரை போய் வந்தார். வழியில் சைக்கிள்காரர்கள் இறங்கி நின்றார்கள். முடிவெட்டுகிறவர், காத்திருந்த நாலு பேரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அவருக்கு நாற்காலி போட்டார். அடுத்த மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை காற்றாட விட்டார். பிறகு தினமும்.

ஆனால் மனு எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். பக்கத்தில் தமிழ் அகராதியை வைத்துக்கொண்டு, கோட்டுப் பொத்தானை மேலிருந்து கீழ்வரை போட்டபடி, 'எமது வீரர்களின் தோல் நாளுக்கு நாள் உரிந்து வருவதைத் தங்கள் மேலான கவனத்திற்கு' என்று உருகி உருகி எழுதினார்.

கடைசியில் உத்தரவு வந்துவிட்டது! மனுவால் வந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார். உண்மை என்னவென்றால், தலைமை அலுவலகத்தில் மோகம் மாறிவிட்டது. வெள்ள மீட்புப் படைக்கு வந்த மஞ்சள் ரப்பர் உடையை ஒரு பெரிய அதிகாரி போட்டுப் பார்த்துவிட்டார். அதன் பிறகு நெருப்புக் கோட்டை அங்கே சீந்துவார் இல்லை. அதனால் 'இன்று முதல் வீரர்கள் தீவிபத்தின்போது புதிய கோட்டை அணியலாம். கரி படலாம், கிழியலாம், எரியவும் செய்யலாம். சான்று ரத்தாகாது' என்று ஒரே வரியில் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டார்கள்.

நிலைய அதிகாரி அந்தக் காகிதத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து ஆறு பேருக்கும் வாசித்துக் காட்டினார். "மாப்ளே, உன் முழங்கைக்கு விடிவுகாலம் பொறந்தாச்சு!" என்று தங்கை புருஷன் முதுகில் தட்டினார். மாப்பிள்ளை சிரித்தார். சிரிப்பில் கொஞ்சம் இழுவை இருந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மணி அடித்தது. மரச்சாமான் பட்டறை. வார்னிஷ் டப்பாக்கள் வெடித்துக்கொண்டிருந்தன. வண்டி போய்ச் சேர்வதற்குள் ஊரே கூடிவிட்டது, அத்தனை பேரும் கோட்டோடு. வெள்ளிப் பட்டைகளில் சுவாலை பட்டு மின்ன, கடல் மாதிரி ஒரு தீயணைப்புப் படை தெருவை அடைத்துக்கொண்டு நின்று, போன் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. நடுவே ஏழு பேர் இறங்கினார்கள். ஆறு பேர் உடம்பில் கான்வாஸ்.

நிலைய அதிகாரி ஆறு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "ஏன்யா! புதுசு எங்கே?"

"என் மவன் காலேஜுக்குப் போட்டுக்கிட்டுப் போயிட்டான் சார்."

"பக்கத்து வீட்டுல பொண்ணு பார்க்கப் போனாங்க, இரவல் வாங்கிட்டாங்க சார்."

"இஸ்திரிக்குக் கொடுத்திருக்கேன்."

அவர் தங்கை புருஷன் பக்கம் திரும்பினார். "மாப்ளே, நீயுமா?"

மாப்பிள்ளை குழாய்முனையைத் தோளில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "நான் எடுத்து மாட்டிக்கிட்டேன் மச்சான். உங்க தங்கச்சிதான் வாசல்ல மறிச்சுக்கிட்டா. ஞாயித்துக்கிழமை அவ சிநேகிதி மக கல்யாணமாம். 'கரி பட்டா போகாது, இதுல போயி நெருப்புக்குப் போவாங்களா, உங்களுக்குப் புத்தி இருக்கா'ன்னு கேட்டா. எனக்கும் அது சரின்னுதான் பட்டுது."

"சரின்னு பட்டுதா! பதினோரு வருஷமா நான் எதுக்குடா எழுதினேன்?"

"சரி, விடுங்க. நேரமாவுது. உள்ளே வார்னிஷ் இருக்கு, இன்னைக்கு அனல் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். உங்க கோட்டைக் கழட்டிக் கொடுங்க, போட்டுக்கிட்டுப் போறேன்."

நியாயமான பேச்சு. உள்ளே போகிறவர் மாப்பிள்ளை. வெளியே நிற்கிறவர் அதிகாரி. அவர் உடனே கோட்டைக் கழற்ற ஆரம்பித்தார். முதல் பொத்தானைக் கழற்றினார். இரண்டாவதையும் கழற்றினார். மூன்றாவதில் கை வைத்தபோது கூட்டத்தில் யாரோ, "அந்தா பாரு, அதுதான் ஒரிஜினல்!" என்று சொன்னார்கள். நூறு போன்கள் அவர் பக்கம் திரும்பின.

"கொஞ்சம் பொறு மாப்ளே," என்றார் அதிகாரி. "முதல்ல இந்தப் புகை கொஞ்சம் அடங்கட்டும்."

மாப்பிள்ளை ஒரு நொடி அவரைப் பார்த்தார். பூப்போட்ட முழங்கையை முகத்துக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

இருபது நிமிஷத்தில் நெருப்பு அணைந்தது. மாப்பிள்ளை வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்தார். சோபாப் பூ இருந்த இடத்தில் பூவும் இல்லை, அதற்கடியில் தோலும் இல்லை. இடது கையை மடக்க முடியாமல் நீட்டியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் தண்ணீர் கேட்டார். கூட்டம் அவருக்கு மரியாதையாக வழிவிட்டு, கரி ஒட்டாத தூரத்தில் நின்றது.

ஆய்வாளர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். நீண்டிருந்த கையைத் தாண்டி நடந்து, நிலைய அதிகாரியிடம் வந்தார். அவர் கோட்டின் கழுத்துப் பட்டையைத் தடவினார், வெள்ளிப் பட்டையை உரசினார், முகர்ந்து பார்த்தார். மற்ற ஆறு கோட்டுகள் எங்கெங்கே பத்திரமாக இருக்கின்றன என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அவர் கண்ணில் நீர் தளும்பியது.

"இத்தனை பெரிய தீவிபத்து. ஏழு கோட்டுக்கும் ஒரு காயமும் இல்ல," என்றார் தழுதழுத்த குரலில். "விதிமுறையை எழுதினப்போ நாங்க கனவு கண்டது இதைத்தான் சார். உங்களை மாதிரி ஒரு அதிகாரி ஒவ்வொரு நிலையத்துக்கும் வேணும்."

நிலைய அதிகாரிக்குக் கோபம் பொங்கியது. பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து இந்த ஆளை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அவருடைய வலது கை, தானாகவே, மூன்றாவது பொத்தானை விட்டுவிட்டு மேலே போய், இரண்டாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தது.