ஆடவில்லை மச்சான், பாடுகிறாள்

புஜைரா,
12.11.2006

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஆன்றோ அவர்களுக்கு, தங்கச்சி மாப்பிள்ளை செல்வசிங் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் எலிசாவும் சுகம். தங்கள் ரத்தக்கொதிப்பு தணிந்திருக்க ஜெபிக்கிறோம். இதை உட்கார்ந்தே வாசிக்கவும்.

தங்கச்சி ஹோட்டலில் ஆடுகிறாள் என்று போனில் சத்தம் போட்டீர்கள். ஆடவில்லை மச்சான், பாடுகிறாள். ஆடுவது மற்றவர்கள். அவள் டியூட்டி பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஒரு கொலம்பியாக்காரர் கால் ஒடிந்து வந்து படுத்தார். கடற்கரை ஹோட்டலில் சால்சா கோஷ்டி நடத்துகிறவர். சால்சா என்றால் அவர்கள் ஊர் ஆட்டப் பாட்டு. எலிசா வழக்கம்போல கோயில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஊசி போட, அந்த மனுஷன் மாவுக்கட்டிலேயே தாளம் தட்ட, பக்கத்துக் கட்டில்காரனெல்லாம் எழும்பி உட்கார்ந்துட்டான். அவர் கால் சரியாகி வெளியே போனா, கோஷ்டியில பாடின பொண்ணு வேற கோஷ்டிக்குப் போயிட்டா. நேரா நம்ம ரூமுக்கு வந்து, "சிஸ்டர், யல்லா, கிளம்பு, நீதான் பாடணும்"னு நிக்கார். நான் "மாஃபி, கலாஸ், அதெல்லாம் நடக்காது, போயிட்டு வாரும்"னு கதவை அடைச்சுத் திரும்பினா, எலிசா செருப்பு மாட்டிக்கிட்டு நிக்கிறா! "ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதானே"ன்னா.

மேடையில இருந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துரணும்னுதான் மச்சான் நானும் போனேன். கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு மைக் முன்னால நிக்கிறா, அவர் சொல்லிக்கொடுத்த ஸ்பானிஷ் பாட்டோட முதல் வரி வாயில வரல. முன்வரிசையில ஒருத்தன் சிரிச்சான். அவன் சிரிச்சதும் எனக்கு என்ன ஆச்சோ, "பாடு பிள்ளே!"ன்னு கத்திட்டேன். பாடினா பாருங்க! வெயிட்டர் தட்டைக் கீழே வச்சிட்டு ஆடுறான், ஹோட்டல் மேனேஜர் சேதுமாதவன் டையை அவுத்துட்டு ஆடுறார், சிரிச்சவன் மேஜை மேலேயே ஏறிட்டான். எனக்குக் கண்ணீர்தான் வந்தது. இப்போ தோஹா, மஸ்கட், பஹ்ரைன், எங்கே பாடினாலும் டிக்கெட் கிடைக்கிறதில்ல. போட்டோ போட்டு சி.டி. வந்தாச்சு. சலாலாவில ஒரு கொலம்பியா அம்மா இவளைக் கட்டிப்பிடிச்சு, "நம்ம ஊர்ல நீ எந்தத் தெரு?"ன்னு கேட்டிருக்கு. இவ கூசாம, "குளச்சல் பீச் ரோடு"ன்னிருக்கா!

ஆனாலும் குடும்பத் தலைவன் நான்தான், பயப்பட வேண்டாம். நர்ஸ் வேலையை விடக்கூடாது, புஜைராவை விட்டு மாறக்கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டேன். அவளும் தலையாட்டினா.

அத்தைக்கு எங்கள் ஸ்தோத்திரம். உங்கள் வீட்டு லிண்டா அக்காவை மிகவும் கேட்டதாகச் சொல்லவும். கர்த்தர் உங்கள் வலையையும் வீட்டையும் நிறைப்பாராக.

அன்பு மாப்பிள்ளை,
செல்வசிங்

பி.கு.: கவரை ஒட்டும்போது எலிசா வந்தாள். ஆஸ்பத்திரிக்கு நேற்றே ராஜினாமா கொடுத்தாச்சாம். துபாயில் பெரிய ஹோட்டலில் பாடுகிற வேலை, வீடு, ஃபேமிலி விசா. நான் அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு போகிறேன். அதாவது, எனக்கு ஜாமீன் நிற்கிற கபீல் இனிமேல் உங்கள் தங்கச்சிதான். என்னைத் திட்டுவதானால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திட்டவும்.