வாசற்படி நோயாளி

நோயாளிகளில் காய்ச்சல்காரர், வயிற்றுவலிக்காரர் என்று பல ரகம் உண்டு. நான் சொல்ல வந்தது வாசற்படி நோயாளியைப் பற்றி. டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்வரை இவருக்கு ஒரு நோயும் கிடையாது. டாக்டர் நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, முதுகில் குழலை வைத்துக் கேட்டு, மருந்தும் எழுதி முடித்த பிறகு, எழுந்து கும்பிட்டுவிட்டு வாசற்படியில் ஒரு காலை வைப்பார் பாருங்கள், அப்போதுதான் நோய் வாயைத் திறக்கும். யாரிடம்? அங்கே நிற்கும் நர்ஸிடம்.

நாகர்கோவிலில் எங்கள் டாக்டரின் கிளினிக்கில் அந்த வாசற்படிக்கு அதிகாரி நேசபாய் சிஸ்டர். ஊசியைக் கொதிக்க வைப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சல் பார்ப்பது, இவைதான் சிஸ்டரின் வேலை என்று டாக்டர் நினைத்திருந்தார். பாவம். வாசலில் கிடைக்கும் நிஜத்தைப் பிடித்து உள்ளே கொண்டு சேர்ப்பதுதான் அவருடைய முழுநேர வேலை. உள்ளே தலைவலி என்றவருக்கு வாசலில் மூலம். உள்ளே பசியில்லை என்றவருக்கு வாசலில் நெஞ்சடைப்பு.

இப்படி உள்ளும் புறமுமாக நடந்து சிஸ்டருக்குக் கால் கடுத்தது. ஒருநாள் டாக்டரின் மேசையையே வாசலுக்கு இழுத்துப் போட்டு, நிஜம் வெளிவரும் இடத்தில் அவரையே உட்கார வைத்துவிட்டார். நல்ல யோசனைதானே? நோயாளிகள் டாக்டரைக் கும்பிட்டு, படியிறங்கி, தெருவில் நின்ற மாட்டுவண்டிக்கார மரியானிடம் நோயைச் சொல்லத் தொடங்கினார்கள். மரியானும் சளைக்கவில்லை. சுக்கு, மிளகு என்று வைத்தியம் ஆரம்பித்துவிட்டார்.

மயிலாடியில் சிலை கொத்தும் பொன்னுலிங்கம் இந்த இனத்துக்கே திலகம். மாதக்கணக்காக முழங்கால் வலி என்று சொல்லித் தைலம் வாங்கிப் போகிறவர். அன்றும் தைலத்தை வாங்கிக்கொண்டு, வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்று, இருமினால் ரத்தம் வருகிறது என்று மரியானிடம் முணுமுணுத்தார். டாக்டருக்குத் தெரிந்தால் உளியைக் கீழே போடச் சொல்லிவிடுவாராம். பாதிச் சிலை நிற்கிறதாம். முகம் இன்னும் கொத்தவில்லையாம்.

ஜன்னலருகே நின்ற சிஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிவந்து அவருடைய பையைப் பிடுங்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி, இத டாக்டர்கிட்ட வந்து ஒருக்கா சொல்லணும். இல்லேன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவேன்."

அந்த மிரட்டல் வேலை செய்தது. மார்பைப் படம் எடுத்தார்கள். காசநோய்க்கென்று புதிதாக வந்திருந்த ஊசியை சிஸ்டரே நாள் தவறாமல் போட்டார். உளியைக் கொஞ்ச காலம் கீழே போடத்தான் வேண்டியிருந்தது. ஆனால் ஆள் பிழைத்தார். இன்னும் சில நாள் தைலமே தேய்த்துக்கொண்டிருந்தால் அந்தச் சிலை முகமில்லாமலே நின்றிருக்கும்.

தேறி வந்தவரிடம், இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று டாக்டர் கடிந்துகொண்டார். பொன்னுலிங்கத்துக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"நீங்கதான சாரே உக்காந்த ஒடனே சொகமான்னு கேட்டிய? பெரிய மனுசன் சொகமான்னு கேக்கும்போ, இல்லேன்னு சொல்லுகது மரியாதையா?"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாது என்றார். சாயங்காலம் மேசையைப் பழையபடி உள்ளே போடச் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, வாசற்படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார்.

"சிஸ்டரே, ஒண்ணுமில்ல... கொஞ்ச நாளா எனக்கு மாடிப்படி ஏறினா மூச்சு முட்டுது. வீட்டுல சொல்லாண்டாம்."

சிஸ்டர் அவர் கையிலிருந்த குடையை வாங்கி வைத்துக்கொண்டார்.

இதைப் படித்துவிட்டு நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. சுகமாகத்தானே இருக்கிறீர்கள்? அப்படியா, ரொம்ப சந்தோஷம். எதற்கும் நான் கொஞ்ச நேரம் இந்த வாசற்படி ஓரமாகவே நிற்கிறேன்.