பதினோராம் நம்பர் இல்லாத சைக்கிள் கடை

விண்வெளிக்குப் போட்டி போட்டது ரஷ்யாவும் அமெரிக்காவும்தான் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறான். சுத்தப் பொய். அந்தப் போட்டி நடந்தது கடலூர் மஞ்சக்குப்பத்துக்கும் சிதம்பரம் கீழ வீதிக்கும் நடுவில். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

மஞ்சக்குப்பம் சார்பில் களத்தில் நின்றவர் ஸ்புட்னிக். அப்பா அம்மா வைத்த பேர் என்னவோ, யாருக்கும் தெரியாது. மைதானத்து ஓரமாக வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் பக்கத்து அரசாங்க ஆபீஸில் புது கிளார்க். அவர் கடை மாடியில் ஒண்டிக்கட்டையாகக் குடியிருந்தேன். ரஷ்யாக்காரன் முதன்முதலில் ஒரு உருண்டையை வானத்தில் சுற்றவிட்ட அன்றைக்கு, பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த டியூபைத் தண்ணித் தொட்டியிலேயே போட்டுவிட்டு, "நம்மாளு ஜெயிச்சிட்டான்" என்று தெருத்தெருவாக ஓடினாராம். அந்த உருண்டையின் பேர் இவருக்கு ஒட்டிக்கொண்டது. ரஷ்யா எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் நெல்லிக்குப்பம் ரோட்டைக் காட்டுவார்.

அவர் கடையில் சைக்கிளை எடுத்தோம், மிதித்தோம் என்பதெல்லாம் நடக்காது. ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு பத்திலிருந்து கீழே எண்ணுவார். பூஜ்யம் வந்ததும் பின்னாலிருந்து ஒரு தள்ளு. எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டெண்டு ஒரு நாள் அவசரத்தில் ஐந்திலேயே மிதித்துவிட்டார். விடுவாரா மனுஷன்? முக்கு வரைக்கும் துரத்திப் பிடித்து, கடைக்குக் கூட்டிவந்து, திரும்பப் பத்திலிருந்து எண்ணித்தான் அனுப்பினார்.

கடை வாசலில் எப்போதும் ஒரு நாய் படுத்திருக்கும். பேர் லைக்கா. ரஷ்யாக்காரன் ராக்கெட்டில் வைத்து மேலே அனுப்பினானே, அந்த நாயின் பேர். ஒரு லைக்கா போனால் அடுத்து வருகிற தெரு நாய் லைக்கா. "அது போயிட்டுப் பத்திரமா எறங்கிடுச்சு தம்பி. நாய அம்போன்னு வுட்டுட்டு வர்ற ஆளு இல்ல ரஷ்யாக்காரன்" என்பார். எங்களில் பேப்பர் படித்தவர்களுக்கு விஷயம் தெரியும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

எதிரணி அவருடைய மச்சான். பெண்டாட்டியின் தம்பி, சிதம்பரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை. ராத்திரி பகலாக அமெரிக்கா ஸ்டேஷனைப் பிடித்துக் கேட்டுக் கேட்டு அந்த நாட்டுக்கே மாப்பிள்ளை ஆனவர் மாதிரி பேசுவார். பொங்கலுக்கு அக்காவுக்குச் சீர் கொண்டுவந்தால் போதும், மாமனும் மச்சானும் சாப்பாட்டு இலையில் ராக்கெட் விடுவார்கள். அக்கா வந்து ஆளுக்கு ஒரு கரண்டி பாயசத்தை ஊற்றி வாயை அடைப்பார்.

அப்புறம் நிலாவில் மனுஷன் இறங்கின சேதி வந்தது. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே மச்சான் ஒரு டின் லட்டோடு கடை வாசலில் வந்து நின்றார்.

"மாமா, எங்காளு நெலாவுல எறங்கிட்டான். வாயத் தொறங்க."

"நெலாவுல காத்தே கெடையாதுங்கறான். காத்து இல்லாத ஊர்ல எவனாவது வண்டி எறக்குவானா? பொழுதன்னிக்கும் காத்தடிக்கிறவன் நானு. எங்கிட்டயே கத வுடுறியா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மச்சானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"காத்து இல்லாமத்தான் உங்க நாயி மேலயே செத்துப்போச்சு. அது திரும்பியே வரல மாமா. ஊருக்கே தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது."

ஸ்புட்னிக் எங்கள் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். கையில் வாங்கின லட்டை நாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "போ மச்சான். இனிமே இந்த வாசல மிதிக்காத" என்றார். நிலாவுக்காகச் சண்டை என்று ஊர் பேசிக்கொண்டது. நிலாவாவது மண்ணாவது. அது நாய்க்காக வந்த சண்டை.

நிலாவுக்குப் போன ராக்கெட் பதினோராம் நம்பராம். அன்று சாயந்திரமே கடையில் பதினோராம் நம்பர் சைக்கிளின் மட்கார்டைச் சுரண்டி நம்பரை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் கடையில் பத்துக்கு அடுத்தது பன்னிரண்டு.

வருஷங்கள் ஓடின. அவருடைய ஒரே பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன்தான். அவன் இல்லையென்றால் பெண் மணையில் உட்காராது. அக்கா ஒரே போடாகப் போட்டார்: "எந்தம்பி வந்து பட்டம் கட்டணும். இல்லன்னா நெலாவையும் நாயையும் வெச்சிக்கிட்டு நீங்களே கல்யாணம் பண்ணிக்குங்க." பெண்ணுக்கு அழுது அழுது மூஞ்சி வீங்கிக் கிடந்தது.

"மொதல்ல அவன் வரட்டும்" என்றார் ஸ்புட்னிக். நான் சிதம்பரத்துக்குத் தூது போனேன். "மொதல்ல மாமா கூப்புடட்டும்" என்றார் மச்சான். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் வீம்பு. நடுவில் அந்தப் பெண்.

அந்த ஆடி மாசம்தான் டீக்கடை ரேடியோவில் அந்தச் செய்தி சொன்னான். ரஷ்யா கப்பலும் அமெரிக்கா கப்பலும் மேலே வானத்தில் ஒன்றாகச் சேர்ந்து, நடுக்கதவைத் திறந்து, இரண்டு நாட்டுக்காரனும் கை குலுக்கினார்களாம். ஸ்புட்னிக் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"யாரு மொதல்ல கைய நீட்டுனானாம்?"

ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நீட்டியிருப்பானுவ" என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாடி ஏறி வந்தார். "தம்பி, லீவு போடு. சிதம்பரத்துல ஸ்போக் கம்பி நல்லாருக்குதாம், வாங்கியாருவோம்." சிதம்பரத்துக்குப் போய் ஸ்போக் கம்பி வாங்கின ஆளை நான் கேள்விப்பட்டதில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன்.

அந்தப் பாதையில் ஒரே தண்டவாளம். எதிர் வண்டி வந்தால் ஏதாவது ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். எங்கள் வண்டி புதுச்சத்திரத்தில் நின்றது. எதிர் வண்டி வந்து பக்கத்தில் ஒட்டி நின்றது. ஜன்னலுக்கு நேர் ஜன்னல். அந்த ஜன்னலில், இஸ்திரி போட்ட சட்டையில், மச்சான்.

இரண்டு பேரும் பேயைப் பார்த்த மாதிரி முழித்தார்கள். மச்சான் என்னைப் பார்த்து, "கடலூர்ல ரேடியோ வால்வு நல்லாருக்குதாம், அதான் கெளம்புனேன்" என்றார்.

"இவரு ஸ்போக் கம்பி வாங்கப் போறாரு" என்றேன்.

இறங்கி வந்து பேசலாம். ஆனால் யார் முதலில் இறங்கினான் என்று நாளைக்குக் கேள்வி வருமே. இரண்டு வண்டிக்கும் நடுச்சந்தில் ஒரு அம்மா வேர்க்கடலையை அவிச்சு, "மல்லாட்டை, மல்லாட்டை" என்று விற்றுக்கொண்டு போய்விட்டாள். எங்கள் வண்டி ஊதியது. மச்சான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, ரேடியோவுல ஒரு சேதி கேட்டேன். அந்த நாயி திரும்பி வந்துடுச்சாம். நான்தான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன்."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான் மாமா. நல்லா பால் குடிக்குதாம்."

ஸ்புட்னிக் ஜன்னலை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தார். "உங்காளும் எறங்கியிருப்பான் மச்சான். காத்தக் கையோட கொண்டு போயிருப்பான்" என்றார்.

கம்பிக்கு நடுவிலிருந்து இரண்டு கைகளும் ஒன்றாக நீண்டன. சத்தியமாகச் சொல்கிறேன், யாருடையது முதலில் என்று எனக்கும் தெரியாது. வண்டி நகர்ந்து விரல் பிரிகிற வரைக்கும் விடவில்லை.

இரண்டு பேரும் இறங்கத்தான் இல்லையே, அதனால் நாங்கள் சிதம்பரம் போய் மச்சான் வீட்டில் சாப்பிட்டோம். அவர் கடலூர் போய் அக்கா கையால் சாப்பிட்டார். போகிற வழியில் கிள்ளை தாண்டும்போது ஸ்புட்னிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பொய்யின்னு எனக்குத் தெரியாதா தம்பி? ஆனா அவன் வாயால வந்துச்சு பாரு, அது போதும்."

ஆவணியில் மச்சான் வந்து பட்டம் கட்டினார். அவர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபத்துக்கு மிதித்து வந்த சைக்கிளின் மட்கார்டில் புதுப் பெயிண்டில் பதினொன்று என்று எழுதியிருந்தது.

இப்போது இரண்டு பேரும் இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். போன வாரம் என் பேத்தி அவள் போனில் எதையோ பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "தாத்தா, ராக்கெட்ல போன அந்த நாய் திரும்பி வரவே இல்லியாமே?"

"யாரு சொன்னா? வந்துடுச்சும்மா" என்றேன். "மஞ்சக்குப்பத்துல ஒரு சைக்கிள் கடை வாசல்ல படுத்திருந்துச்சு. நானே பாத்திருக்கேன்."