வால் பந்தயமும் ரப்பர் அடைப்பானும்

ஒரு காட்டில் தார்ச்சாலை போட்டார்கள். போட்ட மறுமாதமே டர்போ வந்துவிட்டது.

அந்தக் காட்டில் சிங்காரம் என்றொரு கீரி, தன் பழைய காருக்கு வேகம் கூட்டும் டர்போ மாட்டியது. மாட்டிய தெம்பில் மலையணில் மகுடபதியிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது. மலைச்சாலையில் பந்தயம். தோற்றவர் வாலை மொட்டை அடித்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் புசுபுசுவென்ற வால். இரண்டுக்கும் அதுதான் உயிர்.

மெக்கானிக் முள்ளம்பன்றி அஞ்சலை சிங்காரத்தின் காரில் பானெட்டைத் திறந்து, என்ஜினில் ஒரு குழாயையும் டப்பாவையும் பொருத்தியது.

"என்னக்கா இது, ஊறுகாய் டப்பா மாதிரி?"

"பிஸ்டன் ஓரமா புகை கசிஞ்சு என்ஜினோட அடிவயித்துல சேரும் தம்பி. டர்போ போட்டா இன்னும் சேரும். அது வெளியே வரணும். வரும்போது எண்ணெயையும் இழுத்துட்டு வரும். எண்ணெய் டப்பாவுல தங்கிடும், புகை போயிடும். குழாயை மட்டும் அடைச்சிடாதே."

சிங்காரம் நன்றாகத் தலையாட்டியது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். பந்தயத்துக்கு முன் பானெட்டைத் திறந்து வைக்க வேண்டும்; எல்லாரும் வரிசையில் வந்து என்ஜினோடு செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். சிங்காரமோ பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, என்ஜினை வெள்ளிக் குத்துவிளக்கு போல் வைத்திருந்தது. நடுவில் பிசுக்கு வழியும் டப்பா! மானம் போய்விடாதா? டப்பாவையும் குழாயையும் கழற்றி வீசிவிட்டு, ஓட்டையில் ரப்பர் அடைப்பானை வைத்து அழுத்தியது. வரிசையில் வந்த முயல்கள் "ஆகா!" என்றன.

கொடி அசைந்தது. ஏற்றத்தில் சிங்காரம் முன்னால். மகுடபதி முட்டாத குறையாகப் பின்னால்.

"வாலைக் கடைசியா ஒரு தடவை சீவிக்கோடா!" என்று ஜன்னல் வழியே கத்தியது அணில்.

சிங்காரத்துக்கு வால்நுனிவரை கோபம் ஏறியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தது. வெளியேற வழியில்லாத புகையால் என்ஜினின் வயிறு உப்பியது. எண்ணெய் அளக்கும் கம்பி அம்பாகக் கிளம்பி பானெட்டில் மோதியது: டங்! அடுத்து எண்ணெய் கசியாமல் காக்கும் சீல்கள் பிய்ந்தன. எண்ணெய் பீறிட்டு மகுடபதியின் முன்கண்ணாடிக்கு அபிஷேகம் செய்தது. அணில் வைப்பரைப் போட்டது. வைப்பர் எண்ணெயை மூலைமுடுக்கெல்லாம் பூசிவிட்டது. அணிலின் கார் ஒரு சுற்றுச் சுற்றி, எருமைகள் குளித்துக்கொண்டிருந்த சேற்றில் போய் உட்கார்ந்தது.

"ஐயோ, என் வால்!" என்று சிங்காரம் அலறியது. அதன் என்ஜின் இருமியது, விக்கியது, செத்தது. ஆனால் அதற்குள் உச்சி தாண்டிவிட்டது. செத்த கார் இறக்கத்தில் சத்தமில்லாமல் உருண்டு எல்லைக்கோட்டைக் கடந்தது.

மகுடபதியின் வாலை அங்கேயே மழித்தார்கள். எலிகளே சிரித்தன.

மறுநாள் அஞ்சலையின் பட்டறை முன்னால் பெரிய வரிசை. எல்லாருக்கும் அதே அடைப்பான் வேண்டுமாம்.

"அடப்பாவிகளா, அதனாலதான் என்ஜினே செத்துச்சு!"

"செத்தாலும் ஜெயிச்சதே அக்கா!" என்றது வரிசையில் முதலில் நின்ற மகுடபதி, வாலைத் துண்டால் மூடிக்கொண்டு.

அஞ்சலை வரிசையின் நீளத்தைப் பார்த்தது. முட்களைச் சிலிர்த்தது. பிறகு கேட்டது: "சிவப்பா, நீலமா?"

காரில்லாத சிங்காரம் அந்த வழியாக வாலைத் தூக்கிக்கொண்டு நடந்து போனது.

நீதி: எல்லா என்ஜினும் ஒருநாள் வெடிக்கும், பின்னால் வருபவர் முகத்தில் வெடித்தால் அதற்குப் பெயர் திறமை.